கனகசபாபதியின் கராஜில் பனிப்பொழிவு

தெற்காசியாவிலேயே முழுக்க முழுக்க ஒறிஜினலான ஒரே கார் தன்னுடையதுதான் என்றும், இங்கிலாந்தில் பிறக்காத ஆணி ஒன்றுகூட அதில் இல்லை என்றும் வெள்ளவத்தை கனகசபாபதி பழைய கார்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்த அதே மாதத்தில்தான் அவருடைய கராஜுக்குள் முதன்முதலாக ஸ்னோ கொட்டியது. கராஜுக்கு வெளியே வழக்கமான வெயில். கரையோர ரயில் வழக்கம்போலப் பிந்தி வந்தது. அன்று பெரிய வெங்காயத்தின் விலை ஏறியிருந்தபடியால் ஒழுங்கையில் எல்லோரும் வெங்காயத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

அந்தக் கார் வெண்டோவர் என்ற இங்கிலாந்துக் கம்பனி அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார். செய்த கம்பனி சீக்கிரமே இழுத்து மூடப்பட்டது. அதைக் கனகசபாபதி தரத்துக்கான சான்றாகவே சொல்லுவார். கொட்டாஞ்சேனையில் காலமான டாக்டர் ஒருவரின் பின்வளவில், மாமரத்துக்குக் கீழே அதைக் கண்டபோது டிரைவர் ஸீட்டில் பேட்டுக்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்காமல் விற்கமுடியாது என்று டாக்டரின் மருமகன் சொல்லிவிட்டதால் கனகசபாபதி பின்னேரங்களில் போய்க் கோழியின் சுகம் விசாரித்து வந்தார்; குஞ்சுகள் வெளியே வந்த அன்றே காரை லொறியில் ஏற்றினார். அதன் பிறகு அது வெள்ளவத்தையில் கடல் உப்பைத் தின்றுகொண்டு, அல்லது கடல் உப்பு அதைத் தின்றுகொண்டு, பல வருடம் சும்மா நின்றது. கப்பல் காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் பழைய சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கராஜுக்குள் இறங்கினார்.

இங்கிலாந்துச் சாமான் தவிர வேறொன்றும் அதில் ஏறாது என்பது அவர் போட்ட சட்டம். கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் சொக்லேட்டுக்குப் பதிலாக இரும்பு சுமந்து வந்தார்கள். தாயின் திவசத்துக்கு வந்த மச்சான் ஒருவரின் கைப்பையில் கிளச் பிளேட் இருந்தது. விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்ட அதிகாரியிடம், படையலுக்கு என்று சொல்லித் தப்பினார். அந்தக் கிளச் பிளேட்டைப் பூட்டிய அன்று கராஜுக்குள் நனைந்த கம்பளி மணத்தது. ஸ்டியரிங் பூட்டிய கிழமை மூடுபனி இறங்கி, மடியில் கிடந்த ஸ்பெனரைத் தேடவே டோர்ச் தேவைப்பட்டது. ரேடியேட்டரோடு தூறல் வந்தது, பெய்வதா விடுவதா என்று முடிவெடுக்கத் தெரியாத தூறல். ஒவ்வொரு சாமானும் தான் பிறந்த ஊரின் காலநிலையைக் கூடவே கூட்டிவருகிறது என்று கனகசபாபதி விளங்கிக்கொண்டார். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். ஒறிஜினல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கடைசியாக, இங்கிலாந்தின் வடக்கு மூலையில் ஏதோ பண்ணை வீட்டில் கிடந்த ஒரு சோடி கார்பரேட்டர் வந்தது. அதைப் பூட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது அவருடைய தோளில் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

பக்கத்து வீட்டு மஜீட் காலி வீதியில் சேலைக்கடை வைத்திருந்து, அதை மருமகனிடம் கொடுத்துவிட்டு மதிலோரம் நின்று அபிப்பிராயம் சொல்லுகிற வேலையை ஏற்றவர். அவரிடமும் ஒரு பழைய மொறிஸ் இருந்தது. மொறிஸ் என்பது வெளித் தகரத்துக்குத்தான் பொருந்தும். உள்ளே ஜப்பான் வானின் எஞ்சின், இந்திய லொறியின் ஹோர்ன், ஓட்டோவின் கண்ணாடி, ஃபேன் பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய மனைவி ஜவாஹிறாவின் வொஷிங் மெஷின் பெல்ட். கழற்றிய வாகனச் சாமான்கள் விற்கிற பஞ்சிகாவத்தைக் கடைகளில் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த கார் என்பதால் அதற்குள் எந்நேரமும் பஞ்சிகாவத்தையின் மத்தியான வெயில் அடித்தது. குளிரான மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போனாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு விசிறிக்கொண்டுதான் போகவேண்டும்.

"உங்கட கார் காரில்லை மஜீட், கொத்துரொட்டி. கொஞ்சம் கிறேவி விட்டாச் சாப்பிடலாம்," என்பார் கனகசபாபதி மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து.

"கொத்துரொட்டி ஓடுது தானே கனகா. ஒங்கட இங்கிலீஷ் சாப்பாடு இன்னம் ப்ளேட்டுல தானே ஈக்கி?"

நாடு முழுக்கக் கரண்டும் சமையல் கேஸும் இல்லாமல் கிடந்த அந்த வருடத்தில் ஒழுங்கைக்குக் கனகசபாபதியின் கராஜ் பெரிய உபகாரமாக இருந்தது. அயலாரின் பாரை மீன்கள் பின் டயரோரமாக ஸ்னோவுக்குள் புதைக்கப்பட்டன. ஜவாஹிறா நோன்புப் பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பம் பொனட்டின்மேல் குளிர்ந்தது. எதிர்வீட்டார் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டு, கேஸ் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தார்கள். டொரொண்டோவில் இருக்கிற கனகசபாபதியின் மகன் ஜனா குளிருக்குத் தப்பி விடுமுறையில் வந்தான். வந்த முதல் காலை, பல்லுக்கூட விளக்காமல், யாரும் சொல்லாமலே சவளை எடுத்துக் கராஜ் வாசலில் கிடந்த ஸ்னோவை வழித்துச் சுத்தமாக்கினான். பாதியில்தான் தான் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. படியில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மிச்சத்தையும் வழித்தான்.

கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும் மீன்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின, குளிர் திரும்பவில்லை. அது கராஜ் கதவுக்குக் கீழால் வீட்டுக்குள் நுழைந்தது. குசினியில் தேங்காயெண்ணெய் கல்லானது. கறிவேப்பிலை மரம் இலையுதிர்காலம் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டியது. கனகசபாபதியின் மனைவி சரோஜினிதேவி முழங்கால் உளைவைப் பொறுத்துக்கொண்டார், காலுக்கு மேசுக்கு மேல் மேசு போட்டுக்கொண்டார். ஆனால் தோசைமா புளிக்க மறுத்தபோது அவருடைய பொறுமை முடிந்தது. அரைத்து வைத்த மா மூன்று நாளாகியும் அரைத்தபடியே கிடந்தது. பிறகு ஒரு கிழமை தோசை பஞ்சுபோல வந்தது. கனகசபாபதி இரண்டு கூடவே கேட்டுச் சாப்பிட்டு, குளிர் மாவுக்கும் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

"மா மஜீட் ஆக்களின்ர காருக்குள்ள இருந்து புளிச்சது," என்றார் சரோஜினிதேவி. "அதுக்குள்ள எப்பவும் மத்தியானம்தானே. ஜவாஹிறா கார்த் திறப்புத் தந்தவ."

கொத்துரொட்டிக்குள் புளித்த தோசை தொண்டையில் நின்றது. அவர் தண்ணீர் குடித்து அதை இறக்குவதற்கிடையில் மனைவி மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, வாற வெள்ளிக்கிழமைக்கிடையில உந்தக் கார் தன்ர காலில வெளிய போகவேணும். இல்லாட்டி நான் போறன்."

"எங்க போகப்போறீர்?"

"நுகேகொடைக்கு. தங்கச்சி வீட்டில வெயில் அடிக்குதாம்."

வெள்ளிக்கிழமை ஒழுங்கையே கூடியது. எஞ்சின் ஒயில் பட்டர்போல இறுகியிருந்தது. கார் ஒரு முறை இருமியது, மூக்கை உறிஞ்சியது, அதோடு சரி. சரோஜினிதேவி சூட்கேசையும் மா வாளியையும் ஓட்டோவில் ஏற்றினார். வாளியை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் சிங்களத்தில் பாதை சொல்லியபடி, திரும்பிப் பார்க்காமல் போனார்.

"அதுக்குக் குளிர் புடிச்சீக்கி கனகா," என்றார் மஜீட். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. "ஊருக்குப் பழகின சாமான் ஒண்டு, ஒண்டே ஒண்டு போடுங்க. யாருக்கும் தெரியவராது."

"எனக்குத் தெரியும்தானே. கண்ட வானின்ர சாமானைப் போட்டு ஓடுறதைவிட நான் சாகுமட்டும் பஸ்ஸில போவன்."

அவர் பஸ்ஸில் போகவில்லை, வீட்டில் இருந்தார். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டார். சம்பலை உளியால் கிளப்பவேண்டியிருந்தது. நுகேகொடைக்குப் போன் எடுத்தால் சரோஜினிதேவி சுகமாக இருப்பதாக மட்டும் சொன்னார். ஆனால் அவருடைய குரலுக்குப் பின்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. மனைவிக்கு வேர்க்கிறது. அவர் இல்லாத இடத்தில் அவளுக்கு வேர்க்கிறது. போனை வைத்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் நின்று சுற்றியது.

மறுநாள் அவர் தொப்பியும் கொரோனாக் காலத்து முகக்கவசமும் போட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனார். முதல் கடைக்காரர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கிளாசிக் கார் வச்சிருக்கிற மஹத்தயாவா? பின்பக்கத்தால வாங்க," என்றார். பின்பக்கத்தில் முகக்கவசம் போட்ட இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் சங்கத்தின் தலைவர், அடுத்தவர் செயலாளர், மூன்றாமவர் ஒறிஜினல் காருக்கான வருடாந்தக் கேடயத்தைத் தீர்மானிக்கிற நடுவர். நான்கு பேரும் கூரைத் தகரத்தைக் கவனமாக ஆராய்ந்தார்கள். முறை வந்தபோது கனகசபாபதி கையால் அளவு காட்டினார், வாயைத் திறக்கவில்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து வருடக்கணக்காகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பள்ளிக்கூட வான் ஒன்றின் கார்பரேட்டர் கடுதாசியில் சுற்றித் தரப்பட்டது. கடுதாசிக்குள்ளேயே அது சூடாக இருந்தது.

கராஜ் கதவை உட்பக்கமாகப் பூட்டிவிட்டு அவர் இங்கிலாந்துச் சோடியைக் கழற்றி வைத்து அதைப் பொருத்தினார். கடைசி நட்டை இறுக்கியதும், விழுந்துகொண்டிருந்த ஸ்னோ நடுவழியில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, வேர்வையாகி வடிந்தது. பத்து நிமிடத்தில் மூடுபனியும் கலைந்து, தண்ணீர் ஒழுங்கையோரக் கானால் இறங்கிக் கடலுக்குப் போனது. யாரோ மறந்துவிட்ட பாரை மீன் ஒன்றும் கூடவே போனது. திறப்பைத் திருப்பினார். கார் முதல் அடியிலேயே பிடித்தது. கதவைத் திறந்து காரை வெளியே எடுத்தபோது மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த மஜீட் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனுசர், கேட்டாலும் பதில் கிடைக்காது என்பதும் தெரியும்.

நுகேகொடையில் சரோஜினிதேவி கேற்றடிக்கு வந்து பொனட்டைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. சூட்கேசைப் பின்னால் கட்டச் சொல்லிவிட்டு வாளியோடு ஏறி இருந்தார்.

"என்னப்பா, பள்ளிக்கூட வான் மாதிரி மணக்குது? ஆரோ சாப்பாட்டுப் பெட்டி திறந்தமாதிரி."

"ஒறிஜினல் மணம்," என்றார் கனகசபாபதி.

ஹைலெவல் வீதியில் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சரோஜினிதேவி நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். அந்த வேர்வையைப் பார்க்கக் கனகசபாபதிக்கு ஆறுதலாக இருந்தது. அரை வழியில் சரோஜினிதேவி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். டாஷ்போர்டிலிருந்த சின்ன மணிக்கூட்டுக்குக் கீழே, அவருடைய வலது முழங்காலில் மட்டும், மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் வாளியை மூடியிருந்த சொப்பிங் பையை எடுத்து முழங்காலில் விரித்தார்.

"இது என்ன?"

"மணிக்கூடு. இங்கிலாந்துச் சாமான்."

"நேரம் காட்டுதோ?"

"இல்லை."

கிருலப்பனைச் சந்தியில் வெள்ளவத்தைக்குத் திரும்புவதற்கு இடப்பக்கச் சிக்னலைப் போட்ட கனகசபாபதி, பச்சை விழுந்ததும் அதை அணைத்துவிட்டு, பஞ்சிகாவத்தைப் பக்கமாகக் காரை நேரே விட்டார். போய்ச் சேரும்வரை தூறியது.