ஒருக்களித்து உட்காரும் குட்டி

நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றபோது, லேப் அக்கா முழங்காலிட்டுக் குட்டிகளின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லேப்ரடார் குட்டி வேண்டுமென்றால் இந்த ஊரில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்கு மட்டும் அவள் அண்ணி. இருவருக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

நாத்தனாரின் ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் நாயின் வார். வாசலில் இருப்பவை இரண்டே படிகள்தான். அவற்றை ஏற அந்த நாய் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல் எம்பியது. லேப் அக்கா கொடுத்த, இன்னும் இரண்டு வயதுகூட ஆகாத நாய்.

"போன் பண்ணிட்டு வரக்கூடாதா? குட்டி பார்க்க ஆள் வர்ற நேரம்."

"பண்ணினா எடுக்கவா போறீங்க?"

எக்ஸ்ரேயை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "கிண்ணத்துக்குள்ள உட்கார வேண்டிய எலும்பு தட்டு மேல உட்கார்ந்திருக்காம். ரெண்டு பக்க இடுப்பும். பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொல்றாரு. தாய்க்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டா இணை சேர்த்தாங்கன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"வழவழன்னு இருக்கற தரையில ஓட விட்டிருப்ப. கண்டதைப் போட்டு உடம்பை ஏத்தியிருப்ப. பழியை மட்டும் இங்க கொண்டு வா."

வாய் சப்பைக்கட்டு கட்டியது. மோசமானதைத் தலையில் கட்டியிருந்தால்கூட லேப் அக்காவுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வீட்டு மனுஷி என்று, அந்த ஈற்றிலேயே சிறந்த குட்டியைத் தேடிப் பொறுக்கியல்லவா கொடுத்தாள்!

பொறுக்குவதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. குட்டிகளைக் கூடத்தில் விட்டுவிட்டு, எது ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி ஒருக்களித்து உட்காருகிறது என்று பார்ப்பாள். ராணி மாதிரி உட்காருகிறது என்று வருகிறவர்கள் சொக்கிப்போவார்கள். பாட்டி நாயும் அப்படித்தான் உட்கார்ந்தது, தாயும் அப்படித்தான். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாயின் படத்திலும் அதே கோலம். இனப்பெருக்கத்துக்கென்று ஒவ்வொரு முறையும் அப்படி உட்காரும் குட்டியையே வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். அதுதான் தன் வீட்டு முத்திரை என்று அவளுக்கு ஒரு பெருமை.

நாத்தனார் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இவ ஒரு நாளாவது நேரா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? இது அழகு இல்ல அண்ணி. இடுப்பு வலி. காலை மடக்க முடியாமதான் இப்படி நீட்டுதுங்களாம்."

லேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. பாட்டி நாய் ஐந்து வயதிலேயே மாடிப்படி ஏறுவதை விட்டது. கொழுப்பு என்று அதட்டி, கழுத்துப்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தவள் அவள்தான். அந்த உண்மையைச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா, இவள் வாயிலிருந்துதான் வரவேண்டுமா?

"டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டியோ?"

"அண்ணன் முகத்துக்காக இதோட போறேன். இன்னொரு தடவை இந்தத் தாயை இணை சேர்த்தீங்க, இதே எக்ஸ்ரேயோட உங்க வாசல்லயே நிப்பேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டுவேன்."

"நின்னுதான் பாரேன்."

அழைப்பு மணி அடித்தது. குட்டி பார்க்க வந்த பெண் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்ற இருவரையும் அவள் கவனிக்கவில்லை. லேப் அக்கா மரத்தடுப்பை விலக்கியதும் குட்டிகள் உருண்டு புரண்டு வந்தன. அவற்றில் ஒன்று நடுக்கூடத்தில் நின்று, காலை நீட்டி, ஒருக்களித்து உட்கார்ந்தது.

"ஐயோ, இது உட்கார்ற அழகைப் பாருங்களேன்! எனக்கு இதுதான்."

நாத்தனார் எக்ஸ்ரேயை உறைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது பதிலுக்குக் கத்தலாம் என்றிருந்தது லேப் அக்காவுக்கு.

அவள் குனிந்து, குட்டியின் நீட்டிய காலை மெல்ல மடக்கி, உடம்போடு சேர்த்து நேராக வைத்தாள். கையை எடுத்தாள். கால் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனது. மறுபடியும் மடக்கினாள். குட்டி அவள் விரலை நக்கியது.

"எடுத்துக்கலாமா?" என்றாள் வந்தவள்.

லேப் அக்கா நிமிரவில்லை. குட்டியின் இடுப்பிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.