அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட கேக்

இருபத்திரண்டு வீடுகளில் விடுமுறைக் கேக்கிலிருந்து நீக்கப்பட்ட சர்க்கரை, மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு, மூன்றாம் தெருவில் தையல்காரம்மாவின் வீட்டின் மீது மட்டும் பெய்தது. பதினொரு நிமிடம் பெய்தது. பக்கத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையில் ஒரு பொட்டு விழவில்லை. தையல்காரம்மாவின் கணவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்பதால், அவரைக் குடைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து, ஏணியில் ஏறி, மொட்டைமாடியை இரண்டு இடங்களில் நக்கிப் பார்த்து, "சர்க்கரை. நடுத்தர ரகம். கலப்படம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பணிக்காலத்தில் எழுதிய ஒரே பாராட்டு அறிக்கை அதுதான்.

செய்தி எட்டியபோது தலைமை எழுத்தர் கையிலிருந்த காபியைக் கீழே வைக்காமல் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். காரணம், அந்தக் கேக் அவருடையது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்தின வாரம் ஆளுக்கொரு செய்முறையைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். பெரும்பாலானவை இழுப்பறைக்குள் விரிக்கப் பயன்பட்டன. சர்வேயரின் சூப், வடக்கே வெங்காயம், தெற்கே உருளைக்கிழங்கு என்று நான்கு எல்லைகளோடு தொடங்கும். குடிக்கத் தொடங்கியவர் யாரும் மறு எல்லையைக் கண்டதில்லை. தலைமை எழுத்தரின் கேக் ஒன்றுதான் நிஜமாகவே வீடுகளில் ஓவனுக்குள் போனது. நகல்களைச் சரிபார்த்தே பழகிய கை என்பதால், ஒவ்வொரு பிரதியின் அடியிலும் "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்ற ரப்பர் முத்திரையை அவர் குத்திவிடுவார். அசல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. முத்திரை இருந்தால் அசலைக் கேட்காத ஊர் அது.

அசல் மூன்றாம் தெருவில் இருந்தது. தையல்காரம்மா, தலைமை எழுத்தருக்கு ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமான புதிதில் நான்கு ஆண்டுகள் இருவரும் ஒரே சமையலறையில் நின்றவர்கள். மூத்தவர் அளவு சொல்வார், இளையவர் மாவு அடிப்பார். பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். கரண்டி வரைக்கும் பிரித்தார்கள். தையல் இயந்திரம் மூத்தவர் பங்குக்கும் ஓவன் இளையவர் பங்குக்கும் போனது. ஓவன் கதவின் கண்ணாடியில் கீறல் போட்டது யார் என்று அன்று பிற்பகல் தொடங்கிய பேச்சு, மாலைக்குள் இரண்டு பேருடைய பிறந்த வீடுகளையும் தொட்டுவிட்டது. அதோடு பேச்சு நின்றது. ஒருவரிடம் கேக் இருந்தது, ஓவன் இல்லை. மற்றவரிடம் ஓவன் இருந்தது, கேக் இல்லை. நடுவில் இரண்டு தெரு இருந்தது.

அடுத்த விடுமுறைக்கு இளையவர் ஞாபகத்திலிருந்து அளவுகளை எழுதி, கேக் செய்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அன்றைய பதிவாளர் மூன்று துண்டு தின்றுவிட்டு, "யாரோட கைப்பக்குவம் இது?" என்று கேட்டார். தலைமை எழுத்தரின் வாய் நிறையக் கேக் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டிவிட்டார்கள். கைதட்டலை நிறுத்தச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று அவர் நினைத்தார். இருபத்தாறு ஆண்டுகள் அப்படியே நினைத்தார். மூன்றாம் ஆண்டு கணவரின் இருமலுக்காக அரைக் கரண்டி சுக்குப்பொடி சேர்த்தார். அதுவும் செய்முறையில் ஏறிக்கொண்டது.

சர்க்கரையோடு நின்றிருந்தால் ஊர் மறந்திருக்கும். ஆனால் ஊருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போனது. ஒருவருக்குக் கோதுமை கூடாது. ஒருவருக்குப் பால் கூடாது. சர்வேயர் ஒரு கோழியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்த நாளிலிருந்து முட்டையை விட்டுவிட்டார். தலைமை எழுத்தர் எதையும் முறைப்படி செய்பவர். படிவம் அ, சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை. படிவம் ஆ, கோதுமைக்குப் பதில் அரிசி மாவு. படிவம் இ, பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். படிவம் ஈ, முட்டைக்குப் பதில் ஊறவைத்த ஆளிவிதை. ஒவ்வொரு படிவம் வெளிவந்த ஆண்டும், நீக்கப்பட்ட பொருள் தவறாமல் மூன்றாம் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கோதுமை மாவு தையல்காரம்மாவின் வாசல் மரத்தின் மேல் மட்டும் இறங்கியது. பால் அவருடைய குழாயில் இருபது நிமிடம் வந்தது. முட்டைகள் நூல்கண்டுப் பெட்டியிலும் பொத்தான் டப்பாவிலும், ஒன்றுகூட உடையாமல், நின்றபடி கிடைத்தன. படிவம் உ, முந்திரி நீக்கியது. அந்த ஆண்டு தைக்கக் கொடுத்த சட்டைகளைத் திரும்ப வாங்கியவர்கள் பையில் கைவிட்டு ஆளுக்குப் பத்து முந்திரி எடுத்தார்கள். அந்த வீட்டின் பக்கம் விடுமுறையன்று ஆரஞ்சு வாசம் வருவது மட்டும் அதற்கு முன்பே இருந்த விஷயம் என்பதால், அதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் தையல்காரம்மா, "மேலேருந்து விழறதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வாளியத்தான் வைக்க முடியும்" என்றார்.

விதியைக் கண்டுபிடித்தவர் தட்டச்சர். தன் அத்தை கற்றுக்கொடுத்த புட்டிங்கில் உலர்திராட்சையைப் போடாமல் விட்டார். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மறுநாள் காலை அத்தை போன் செய்து, மடியில் திராட்சை கொட்டியதாகவும் பூனை பயந்து பரண்மேல் ஏறிவிட்டதாகவும் திட்டினார். அலுவலகம் திறந்ததும் தட்டச்சர் இதைச் சொன்னார்.

"எடுத்துவிட்டது எல்லாம் ரெசிபிக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகுது மேடம். அப்ப உங்களோடது மட்டும் ஏன் தையல்காரம்மா வீட்டுக்குப் போகுது?"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்றார் தலைமை எழுத்தர்.

"முட்டை கூடவா மேடம் காத்துல போகும்?"

"உன் வேலையப் பாரு."

அன்று மாலை அவர் கேக்கில் லவங்கப்பட்டையை விட்டுவிட்டு, மறுநாள் காலை தன் மொட்டைமாடியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, மடியில் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். ஏழேகால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. ஒரு காகம் வந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனது. கணவர் படியேறி வந்தார்.

"என்ன, மழைக்கு மனு போட்டிருக்கியா?"

"வெயில் காயறேன்."

"கிண்ணத்தோடயா?"

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நாற்காலியை எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்தது.

ஓய்வு பெறும் ஆண்டு வந்தது. அலுவலகத்தார் அவருடைய கேக்கையும் எல்லாப் படிவங்களையும் புத்தகமாக அச்சடித்தார்கள். முந்நூறு பிரதி, அட்டையில் அவர் படம், முதல் பக்கத்தில் "உருவாக்கியவர்" என்று கொட்டை எழுத்து. விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் நாளில் வெளியீடு. தலைமை எழுத்தர் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பெயர்களை ஆவணங்களில் ஏற்றியவர். தன் பெயர் அச்சில் ஏறுவது இதுதான் முதல் தடவை. அட்டையை அவர் யாரும் பார்க்காதபோது விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த வேளையில்தான் புதிய பதிவாளர் வந்து சேர்ந்தார். அவருக்குச் சர்க்கரை, கோதுமை, பால், முட்டை, எண்ணெய், கொட்டை வகை, வாசனைப் பொருள் எதுவுமே ஆகாது. எதைத் தின்று உயிரோடிருக்கிறார் என்பது அவருடைய மருத்துவருக்கே விளங்கவில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் வழியனுப்பு விழாவில் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அவர் ஆசையாகக் கேட்டார். முடியாது என்றால் சொந்தச் செய்முறையில் கைவைக்கத் தெரியவில்லை என்று ஆகும். முடியும் என்றால் மொத்தமும் மறுநாள் மூன்றாம் தெருவில் இறங்கும். புத்தகம் வெளிவரும் முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சில ஆண்டுகளாகவே விடுமுறையின் முதல் காலையில் அந்தத் தெருவில் ஜனங்கள் குடையும் பாத்திரமுமாகக் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

"பயமா மேடம்?" என்றார் தட்டச்சர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைமை எழுத்தர் படிவம் ஊ தட்டச்சு செய்தார். ஒவ்வொரு வரியிலும் பொருளுக்கு எதிரே "நீக்கப்பட்டது" என்று இருந்தது. கடைசி வரி மட்டும் அப்படியே நின்றது: ஓவனில் நாற்பது நிமிடம். காலித் தட்டை நாற்பது நிமிடம் வேகவைத்து, மூடி எடுத்துப்போய், பதிவாளரின் எதிரே வைத்து, கத்தியால் எட்டாக அறுத்தார். பதிவாளர் நான்கு துண்டு சாப்பிட்டார். "ரொம்ப லேசா இருக்கு" என்றார். அவர் பதிவாளர் என்பதால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சர்வேயர் வீட்டுக்கு இரண்டு துண்டு பொட்டலம் கட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைமை எழுத்தர் மூடி போட்ட கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாம் தெருவுக்கு நடந்தார். கேக்கை ஜனங்கள் கண்ணில் படாமல் தூக்கிவந்துவிடுவது என்பது அவர் திட்டம். அதை ஓரகத்தியிடம் எப்படிக் கேட்பது என்பது திட்டத்தில் இல்லை. வாசலில் நாற்பது பேர் குடையோடு நின்றார்கள். அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். அப்படி வழிவிட்டது அவருக்கு எரிச்சலாக இருந்தது. கதவைத் தட்டுவதற்குள் திறந்தது. தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக் கூடையைப் பார்த்தார்.

"கூடை சின்னது. உள்ள வா. செருப்பக் கழட்டாத, தரையெல்லாம் ஊசி."

"அக்கா..."

"பரவால்லையே. கூப்பிடறது மறக்கல."

ஏழேகாலுக்குக் கேக் வந்தது. மேலிருந்து விழவில்லை. வெட்டும் மேசையில், பாதி தைத்த சட்டைக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில், நேற்றிலிருந்து அங்கேயே இருப்பது போல இருந்தது. சூடாக, நன்றாக உப்பி, ஒரு ஓரம் கொஞ்சம் கருகி. அறை முழுக்க ஆரஞ்சு மணத்தது. தையல்காரம்மா கத்தரிக்கோலைத் துடைத்து இரண்டு துண்டு வெட்டினார். இளையவர் வாயில் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆரஞ்சு" என்றார்.

"தோலைத் துருவி ஒரு கரண்டி. நீ மறந்துட்டே. நீ செய்ய ஆரம்பிச்ச மொத வருசம் இதே மேசையில ஒரு கரண்டி தோல் கெடந்துது. ஆரஞ்சே வாங்கல நான். யோசிச்சுப் பாத்தேன். சரி, நம்ம கேக்க அவ செய்யறா, தோலை விட்டுட்டான்னு புரிஞ்சுது."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே."

"கோவம் வரலையாக்கா?"

"வந்துது. ரெண்டு வருசம் இருந்துது. அப்புறம் வருசா வருசம் தோல் வரும். வந்துதுன்னா, சரி, இவ நல்லாத்தான் இருக்கா, ஓவன் ஓடுதுன்னு நினைச்சுக்குவேன். அதுக்கப்புறம் சக்கரை, மாவு, முட்டைன்னு அனுப்பிட்டே இருந்தே. கடைக்குப் போயே நாலு வருசமாச்சு. இதுல எங்க கோவப்படறது?" இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார். "ஓவனுக்குள்ள போன என் கேக்க நான் தின்னு இருபத்தாறு வருசமாச்சு. ஆனா ஒண்ணு. யாராவது உன்னோடதக் கொண்டாந்து குடுத்தா, கடைசியில தொண்டையில ஒரு காரம் நிக்கும். இதுல அது இல்லையே."

"சுக்கு. அவரு இருமினாரு, நான் சேத்தேன்."

"என்னோடதுல சுக்கு கிடையாது."

"தெரியும்க்கா."

"அது நல்லாத்தான் இருந்துது" என்றார் தையல்காரம்மா. "அப்ப அது எங்க போச்சு?"

மிச்சக் கேக்கை வாசலில் நின்ற நாற்பது பேருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டியவர் இன்னார், கொடுத்தவர் இன்னார் என்று எல்லோரும் பார்த்தார்கள். தலைமை எழுத்தர் காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தபோது கணவர் மாடிப்படியில் நின்றிருந்தார். "உன் நாற்காலியில என்னமோ பொடி கெடக்கு. மண்ணுன்னு தட்டப் போனேன், ரெண்டு தும்மல் வந்துது" என்றார். தலைமை எழுத்தர் மேலே போனார். பிரம்பு நாற்காலியின் நடுவில், காற்றில் கலையாமல், அரைக் கரண்டி சுக்குப்பொடி குவிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கீழே போய்க் கரண்டி எடுத்துவந்து அளந்தார். அளவு சரியாக இருந்தது.

அந்த விடுமுறை முழுவதும் இரண்டு வீட்டாரும் மூன்றாம் தெருவில் வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முந்நூறு பிரதிகளிலும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஒட்டியவை கோணலாக இருந்தன. தையல்காரம்மா ஒட்டியவை ஓரம் அடித்த மாதிரி இருந்தன. சீட்டில் இப்படி அச்சிட்டிருந்தது: "பிழைத்திருத்தம். முதல் பக்கத்தில் 'உருவாக்கியவர்' என்று இருப்பதை 'நகலெடுத்தவர்' என்று திருத்தி வாசிக்கவும். அசல் மூன்றாம் தெரு தையல் கடையில் உள்ளது. ஒரு கரண்டி ஆரஞ்சுத் தோல் சேர்க்கவும். சுக்கு நீங்கலாக, மற்ற அனைத்தும் அசலின்படி." கீழே முத்திரை குத்தியிருந்தது. பதிவாளர் அதைப் படித்துவிட்டு, சட்டப்படி குறை எதுவும் இல்லை என்றார்.

ஆரஞ்சு வாசம் அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டது. மற்றபடி யாருக்கு எது ஆகாதோ அது முன்போலவே தையல்காரம்மா வீட்டுக்குப் போகிறது. வாளி போதாத ஆண்டுகளில் தம்பி வீட்டு வாளிகளும் போகின்றன. ஓவன் இப்போது ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. கண்ணாடியில் கீறல் போட்டது யார் என்பது இன்னும் தீரவில்லை. இப்போது அதை நேரிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஊரில் சுக்குக் காரம் ஆகாதவர்கள் எண்ணிக்கை மெல்லக் கூடிவருகிறது. விடுமுறையன்று காலை ஏழு மணிக்குத் தலைமை எழுத்தர் மாடிக்குப் போய், நாற்காலியில் பேப்பர் படிக்கும் கணவரை எழுந்து அந்தப் பக்கம் உட்காரச் சொல்கிறார். அவரும் எழுந்து உட்காருகிறார்.