கடற்கரைச் சாலையில் பெரியநாயகி

“இங்கேருந்து புலாவ் செபாங் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே மூச்சுல ஓடுவேன்டா. வழியில ரயிலு வந்தா அதையும் முந்திட்டுத்தான் தண்ணி குடிப்பேன்!”

அறுபத்தெட்டு வயசுப் பெரியநாயகி இப்படி முழங்கியது தஞ்சோங் கிளிங் தாமான் குடியிருப்பு வீட்டில், கையில் தோசைக்கரண்டியோடு. மகன் பரமேஸ்வரன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை வேலி தாண்டியது. மருமகள் புனிதாவுக்குப் புரையேறியது. வாதம் அடித்து நடு அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த புனிதாவின் அம்மா அன்னம்மாகூட, கோணிய வாயால் சிரித்ததாகத்தான் பெரியநாயகிக்குப் பட்டது.

சண்டை இதுதான். அன்னம்மாவைப் புரட்டிப் போடவே வீட்டு வேலைக்கு வந்த ஒரு இந்தோனேசிய மேய்ட்டுக்கு நாள் பத்தவில்லை. நாளைக்குப் பெரியநாயகியும் விழுந்துவிட்டால்? ஜாசின் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் ஒன்று காலியாக இருந்தது. அதில் இருந்தவர் போன வாரம்தான் காலி செய்தார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

“ஒரு மேய்ட் ரெண்டு கெழவிய பாக்க முடியாதும்மா. நல்ல எடம்லா. டிவியெல்லாம் இருக்கு.”

“என்னைய ஒருத்தரும் பாக்க வேணாம். கடற்கரை ரோட்டுல இருவத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் வக்கிறாங்கல்ல, அதுல ஓடிக் காட்டுறேன். முடிச்சிட்டா ஹோம் பேச்ச எடுக்கக் கூடாது.”

“சரிம்மா,” என்றான் பரமேஸ்வரன், ரொம்பப் பணிவாக. ஓட்டத்தன்று காலை அன்னம்மாவின் சக்கர நாற்காலியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டான். அம்மா விழும் இடத்திலிருந்து அப்படியே ஜாசினுக்குப் போய்விடலாம். வீட்டுக்கு வந்து சுற்றிப் போனால் பெட்ரோல் வீண்.

புனிதாவின் பழைய காலணி முதல் கிலோமீட்டரிலேயே கடித்தது. அதைக் கழற்றிக் கடலை நோக்கி வீசினாள் பெரியநாயகி. மழை இறங்குவதற்குள் ஒரு நிரை ரப்பர் மரத்தையும் ஓடி ஓடியே பால் வெட்டிய கால்கள், முப்பது வருஷத் தூக்கம் கலைந்து எழுந்தன.

கிளேபாங் வந்தது. போட்டி நடத்தியவர்கள் கொடுத்த பனியன் மஞ்சள். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. வெறுங்கால். சாலையோரம் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டிருந்த மீனம்மாவுக்கு வேறு என்ன தோன்றும்?

“நேர்த்திக்கடன்டீ! மஞ்சத்தண்ணி கரைச்சுக் கொண்டா!”

வாளி வாளியாகக் காலில் ஊற்றினார்கள். வேல் வேல் என்ற சத்தத்தில் கடல் ஒரு முழம் பின்வாங்கியது. லோரிக்காரர் ஒருவர் ஆசி வேண்டித் தன் குழந்தையைத் தார் ரோட்டில் கிடத்தினார். பெரியநாயகி தென்னை உயரம் எழும்பித் தாண்டினாள். ஒருத்தி கும்பிட்டபடி கூடவே ஓடி வந்தாள்.

“தாயீ, எம்மவளுக்குக் கல்யாணம் எப்ப?”

“மாட்டிக்கிறதுக்குள்ள ஓடச் சொல்லு!”

பின்னால் வந்த இரண்டு கிழவிகள் மஞ்சள் தண்ணீரில் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தார்கள். பெரியநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கால் தோல் உரிந்து பாளம் பாளமாகத் தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அந்த ஜாசின் கட்டில் கண்ணெதிரே வந்து நின்றது. அதையும் மிதித்துக்கொண்டே ஓடினாள்.

மூத்த பெண்கள் பிரிவில் முதல்.

எல்லைக்கோட்டில் பரமேஸ்வரன் சக்கர நாற்காலியை விரித்து வைத்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் நின்றான். பெரியநாயகி அதில் தன் ஈரத் துண்டைக் காயப்போட்டாள். “காரை வீட்டுக்கு விடுடா.”

மகன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையே இல்லத்துக்குப் போன் போட்டுக் கட்டில் வேண்டாம் என்றுவிட்டான். பெரியநாயகி உப்புத் தண்ணீரில் கால்களை வைத்து, கழுத்துப் பதக்கத்தைக் கழற்றாமல், மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மேய்ட் பெண் விடைபெற்றுக்கொள்ளத் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றது அப்போதுதான். அன்னம்மா உள்ளே முனகினாள். புனிதா மூத்திரச் சட்டியைக் கொண்டுவந்து, அத்தையின் உப்புத் தண்ணீர் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தாள். “அத்தை, அம்மாவுக்கு அவசரமாம்.”

பெரியநாயகி கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். தரையில் சிவப்பாக இரண்டு தடம் விழுந்தது.

பரமேஸ்வரன் மேய்ட் ஏஜண்டோடு போனில் இருந்தான்.

“வேணாம் அங்கிள், நிறுத்திக்கிறோம். வீட்லயே ஆள் இருக்கு. எங்கம்மாதான்.” அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வெளையாட்டில்ல அங்கிள்! நானும்தான் நம்பல. இருவத்தோரு கிலோமீட்டர், வெறுங்காலோட. சத்தியமா ஓடினாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”