யார் முதலில் சொல்வது

என் மனைவி லவோனும் அவள் தங்கை நடீனும் இரட்டையர்கள். ஆனால் ஒரே நாளில் பிறந்தவர்கள் இல்லை. ஆகஸ்ட் முப்பத்தொன்று முடியப் போகிற நேரத்தில் லவோன் பிறந்தாள். நடீன் வெளியே வருவதற்குள் நள்ளிரவு தாண்டி செப்டம்பர் தொடங்கிவிட்டது. அந்தச் சின்னத் தாமதத்தை வைத்துக்கொண்டு லவோன் அறுபத்து நாலு வருடம் அக்காவாக அரசாண்டாள். எந்த வாக்குவாதம் வந்தாலும் கடைசியில், "நான் உனக்கு முந்தின மாசம் பொறந்தவ" என்று முடிப்பாள். எந்தக் காரை வாங்குவது, எந்தச் சாயத்தைத் தலைக்குப் போடுவது, எவனைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எல்லாவற்றிலும் தங்கைக்கு அவளிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். கடைசி விஷயத்தில் அவள் சொன்னது சரியாகவும் போய்விட்டது. நடீன் விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்த பிறகு அவளுக்கு ஆகாத ஒரே சொல் 'அப்பவே சொன்னேனே' என்பதுதான்.

நெப்ராஸ்காவில், சுற்றிலும் சோளக்காடு உள்ள ஒரு சின்ன ஊரில், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடம் நடத்துகிறோம். மொத்தம் எட்டுத் தடங்கள். லவோன் கல்லாவையும் காலணி வாடகையையும் பார்த்துக்கொள்வாள். நடீன் சமையலறையில். இயந்திரங்களுக்குப் பின்னால் எண்ணெய்க் கையோடு நான், கார்லன். அக்கா தங்கை இருவரும் மாவட்டப் போட்டியில் மாறி மாறிக் கோப்பை வாங்கியவர்கள். உறங்கிக்கொண்டே வீசினாலும் பத்துக் கட்டையையும் சாய்த்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

இருவருக்கும் அறுபத்தைந்து ஆகப்போகும் வருடம் வந்தது. அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர், பிறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து தொடங்கும் என்று லவோன் எங்கேயோ படித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. "எனக்கு ஆகஸ்ட்ல வந்துடும். உனக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, அதுவரைக்கும் எங்கயும் விழுந்து கிழுந்து வைக்காத" என்று நடீனிடம் சொல்லிவிட்டு, ஆகஸ்ட் முதல் தேதிக்குத் தன் பெயர் மட்டும் எழுதிய கேக் ஒன்றுக்குப் பேக்கரியில் சொல்லி வைத்தாள்.

வசந்தத்தில் ஒருநாள் மூவரும் தேவாலயத்தின் நிலவறைக்குப் போனோம். மெடிகேர் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்லும் ஆர்வில் அங்கேதான் உட்காருவார். வாழ்நாள் முழுக்க மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவர். ஓய்வுபெற்ற பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு இந்தத் தொண்டுக்கு வந்திருந்தார். பேச்சு மட்டும் ஏலப் பேச்சாகவே நின்றுவிட்டது. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார், நாம்தான் இடையில் கையைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஆனால் கையைத் தூக்கவும் பயமாக இருக்கும், எதையாவது வாங்கிவிடுவோமோ என்று.

அவர் இருவருடைய பிறந்த தேதியையும் கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஆகஸ்ட்" என்றார்.

லவோன் அவருக்கு நிதானமாகத் திருத்தம் சொன்னாள். ஆர்வில் தலையை ஆட்டினார்.

"சட்டக் கணக்குல ஒருத்தருக்கு வயசு நிறையறது பொறந்த நாளுக்கு முந்தின நாள்மா. ஒண்ணாந் தேதி பொறந்தவங்களுக்கு முந்தின மாசமே நிறைஞ்சிடும். அதனால ஒங்க தங்கச்சிக்கும் ஆகஸ்ட் ஒண்ணுதான்."

லவோன் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொல்லச் சொன்னாள். பிறகு இந்தச் சட்டத்தை யார் போட்டது, அவர்களுடைய தொலைபேசி எண் என்ன என்று கேட்டாள். நடீனோ கைப்பையைத் திறந்து உதட்டுச் சாயத்தை எடுத்துப் பூசிக்கொண்டாள். நிலவறையில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

காரில் ஏறியதும் சொன்னாள்: "அப்ப நான் ஆகஸ்ட்ல பொறந்தவ. முப்பத்தொண்ணாந் தேதி."

"அப்ப நான் முப்பதாந் தேதி பொறந்தவ" என்றாள் லவோன். "ஒரு நாள்னாலும் அக்கா அக்காதான்டீ."

வீடு போய்ச் சேரும்வரை இருவரும் தங்கள் பிறந்த நாளைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நான் ஓட்டுவதில் மட்டும் கவனம் வைத்தேன்.

ஆகஸ்டில் மெடிகேர் இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கியது. கேக்கில் நடீன் பெயரையும் எழுத வேண்டியதாயிற்று. ஓரத்தில், சின்ன எழுத்தில். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. மெடிகேர் எல்லாச் செலவையும் ஏற்காது. மிச்சத்துக்கு இரண்டு வழி உண்டு. மாதாமாதம் தனியாகப் பணம் கட்டி ஒரு துணைக் காப்பீடு எடுத்துக்கொண்டால் மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். அல்லது தனியார் கம்பெனியின் அட்வான்டேஜ் திட்டத்தில் சேரலாம். அதில் கட்டணம் குறைவு, பல்லுக்கும் கண்ணாடிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஏதாவது கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும். நவம்பர் முடிவதற்குள் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள், அதன் பிறகு சிக்கல் என்று ஆர்வில் சொல்லியிருந்தார்.

இருவரும் தனித்தனியாக அவரிடம் போனார்கள். இருவரும் மனதுக்குள் தீர்மானித்தும் விட்டார்கள். ஆனால் எது என்று சொல்ல இருவருமே தயாராக இல்லை. லவோன் முதலில் சொன்னால் நடீன் அதைக் கேட்டு நடந்ததாக ஆகிவிடும். நடீன் முதலில் சொன்னால் லவோன் அதைத் திருத்துவாள். கையெழுத்துப் போட்டால் எப்படியும் அடுத்தவளுக்குத் தெரிந்துவிடும் என்பதால் கையெழுத்தும் போடவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது.

ஆர்விலின் வாயைப் பிடுங்க இருவரும் முயன்றார்கள். லவோன் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நடீன் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டியைக் கூடையோடு அனுப்பினாள். மனிதர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். வாய் நிறைய ரொட்டியோடு, ரகசியம் காப்பதாகத் தான் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். அறுவடை முடிவதற்குள் அவருடைய பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

விஷயம் ஊருக்குள் பரவியது. செவ்வாய்க்கிழமை தோறும் விளையாட வரும் முதியவர்கள் அதுவரை நண்பர்களாக இருந்தவர்கள். இப்போது அட்வான்டேஜ்காரர்கள் இடது பக்க நான்கு தடங்களிலும், துணைக் காப்பீட்டுக்காரர்கள் வலது பக்க நான்கு தடங்களிலும் பிரிந்து நின்றார்கள். கை துடைக்கும் துண்டைக்கூட அந்தப் பக்கத்துக்குக் கடன் தருவதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்குப் பழைய வேலையிலிருந்தே காப்பீடு இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அந்த மனிதர் பாவம், வாரா வாரம் சோளப்பொரியோடு நடுவில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நவம்பர் நடுவில் ஆர்வில் எங்கள் கூடத்துக்கு வந்து கல்லாவைத் தட்டினார். இனி பொறுக்க முடியாது என்றார். அக்காவும் தங்கையும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும், ஜெயிப்பவள் முதலில் சொல்ல வேண்டும், அது ஜெயித்தவளுக்குக் கிடைக்கும் மரியாதை. போட்டி என்றால் இருவரும் விடமாட்டார்கள், ஆட்ட வெறியில் ஒருத்தி ஜெயித்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. இருவரும் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஊரே வந்தது. நான் காலையிலேயே தடங்களுக்கு எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தேன். லவோன் முதல் பந்தை எடுத்தாள். வழக்கமான அழகோடு நாலடி நடந்து, முழங்கை வளையாமல் வீசினாள். பந்து நேராக ஓரப் பள்ளத்தில் விழுந்து உருண்டு போனது. கூட்டம் அது தவறு என்று நினைத்தது. அடுத்து நடீன். அவள் பந்து அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் போனது. அதுவும் அழகாகத்தான் போனது.

மூன்றாவது சுற்றில்தான் எல்லோருக்கும் புரிந்தது. மாவட்டத்தின் இரண்டு சிறந்த கைகள், உயிரைக் கொடுத்துத் தோற்க ஆடிக்கொண்டிருந்தன. தோற்பதிலும் அவர்களுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஒரு பந்துகூட கட்டைக்கு அருகில் போகவில்லை. சுழற்பந்து விட்டால் அது கடைசி நொடியில் திரும்பிப் பள்ளத்தில் இறங்கும். பலகையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம் வந்துகொண்டே இருந்தது. முதலில் சிரித்த கூட்டம் பிறகு மரியாதையாகக் கைதட்டத் தொடங்கியது. ரயில்வேக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

லவோன் தன் ஆட்டத்தைப் பூஜ்யத்தில் முடித்தாள். நடீனுக்கு ஒரே ஒரு பந்து பாக்கி. அவள் பந்து வீசும் கோட்டை நோக்கி நடந்தபோது, மழைக்காலத்தில் தொல்லை கொடுக்கும் இடது முழங்கால் மடங்கிவிட்டது. பந்து கை நழுவியது. அவள் கோட்டைத் தாண்டி விழுந்தாள். பந்தோ தடத்தின் நடுவில், தனக்கு யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையே என்பதுபோல மெல்ல மெல்லப் போனது. கடைசியில் ஓரமாக ஒதுங்கி மூலைக் கட்டையைத் தொட்டது. கட்டை கொஞ்சம் ஆடியது, யோசித்தது, விழுந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் லவோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் "நடீன்" என்று கூவிக்கொண்டு தடத்துக்குள் ஓடினாள். நான் பூசிய எண்ணெய் அவளை இரண்டாவது அடியிலேயே வீழ்த்தியது. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு.

மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தி நடுவில் திரையை இழுத்துவிட்டார்கள். நடீனுக்குக் கணுக்கால் வீங்கிப் போயிருந்தது. பதிவு செய்யும் பெண் கணினி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெடிகேர் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதோடு வேறு காப்பீடு உண்டா, எடுக்கப் போகிறீர்களா என்று நடீனிடம் கேட்டாள்.

"அத அவ மொதல்ல சொல்லணும்" என்று நடீன் திரையைக் காட்டினாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அவதான் ஜெயிச்சா" என்றது திரை. "ஒரு கட்ட விழுந்துச்சு. கார்லன் பாத்தேன்னு சொன்னான்."

"நான் கோட்டத் தாண்டி விழுந்தேன். அந்தப் பந்து செல்லாது."

"செல்லும்."

அறுபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அக்கா, தங்கை ஜெயித்தாள் என்று வாதாடினாள். தங்கை, இல்லை, நான் தப்பாட்டம் ஆடினேன் என்று வாதாடினாள். பதிவுப் பெண் இது தலையில் அடிபட்டதன் விளைவா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். இல்லை, எப்போதும் இப்படித்தான் என்றேன்.

நடீனை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் லவோன் என்னை அருகில் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அவளுக்குக் கண்ணுல அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு, ஒனக்குத் தெரியுமில்ல? ஒமாஹாவுல அவ பாக்கற டாக்டர் எந்த அட்வான்டேஜ் பட்டியல்லயும் இல்ல. நான் விசாரிச்சிட்டேன். அவ துணைக் காப்பீடுதான் எடுக்கணும். ஆனா அத நான் சொன்னா, வேணும்னே அவ மத்ததப் போய் எடுப்பா."

"அதனால?"

"அதனால நான் அட்வான்டேஜ்னு சொல்லப்போறேன். என்னை எதிர்க்கறதுக்காகவாவது அவ சரியானத எடுப்பா."

உன் இதய டாக்டரும் ஒமாஹாவில்தானே இருக்கிறார் என்று கேட்டேன். அவள் மணிக்கட்டுக்கு வைத்த பனிப்பையை நகர்த்திவிடச் சொன்னாள்.

நடீன் திரும்பி வந்தாள். கூடத்தின் உரிமையாளன் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொன்னேன். கோட்டைத் தாண்டியதால் பந்து செல்லாது, ஆட்டம் சமம், ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். திரையை விலக்கினேன். மூன்று எண்ணினேன்.

"அட்வான்டேஜ்" என்றாள் லவோன்.

"துணைக் காப்பீடு" என்றாள் நடீன்.

லவோன் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தாள். வேலை முடிந்துவிட்டது, அவள் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் நடீன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா? ஒன் டாக்டர் அவங்க பட்டியல்ல இருக்காரான்னு பாத்தியா? அந்த ஆளு இல்லன்னா போன வருசமே ஒன்னப் பொதைச்சிருப்போம். பல்லு கட்டறதுக்குக் காசு தரான்னதும் நாக்கத் தொங்கப் போட்டுட்டு ஓடறியா? ஒழுங்கா நான் எடுக்கறத எடு."

லவோன் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், தான் திட்டம் போட்டுத் தங்கையை நடத்தியது தெரிந்துவிடும். நடீன் வீம்புக்காகவே மாற்றிக்கொள்ளக்கூடும். சொல்லாவிட்டால், தங்கை சொல்லைக் கேட்டு நடந்தவளாகிவிடுவாள்.

"சரி" என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதிவுப் பெண் இருவருக்கும் ஒன்றையே குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஒருத்தி கைக்கட்டோடும் ஒருத்தி ஊன்றுகோலோடும் போய் ஆர்விலின் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேல் ரொட்டி வராது என்று புரிந்து அவர் கொஞ்சம் வருத்தப்பட்டது போலத் தெரிந்தது.

அன்று முதல் நடீன் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. "லவோன் தப்பானத எடுக்கப் பாத்தா, நான்தான் தடுத்தேன், என்னப் பாத்துதான் அவளும் எடுத்தா" என்பாள். கல்லாவில் நின்று வாடகைக் காலணிகளுக்கு மருந்து அடித்துக்கொண்டே லவோன் அதைக் கேட்பாள். யாராவது நிஜமா என்று கேட்டால், "ஆமா, அவளப் பாத்துதான்" என்று பல்லுக்கு நடுவிலிருந்து சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுதும் என்னிடம் பேசமாட்டாள். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஒமாஹாவுக்கு இருவரும் ஒரே நாளில் ஒரே காரில் டாக்டரைப் பார்க்கப் போய்வரத் தொடங்கினார்கள்.

அடுத்த அக்டோபரில் ஆர்வில் தொலைபேசியில் கூப்பிட்டார். மாத்திரைக்கான காப்பீட்டை மட்டும் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் மறுபடி தேர்ந்தெடுக்கலாம், அவர்களிடம் சொல்லிவிடு என்றார். குரலில் பழைய உற்சாகம். நான் சொன்னேன். லவோன் நடீனைப் பார்த்தாள். நடீன் லவோனைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல சொல்லு" என்றாள் லவோன்.