மிஸ்ஸின் இடது முன்கால்

“குதிரைக்குக் கால் எத்தினை, பிள்ளை?” என்று இராசதுரை மாமா என்னைக் கேட்டார்.

வேலைக்கு ஆள் எடுக்க அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். விடை எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விடை வாய்க்கு வருவது எனக்கு வேறு விஷயம். பத்தாம் ஆண்டில் தமிழ் மிஸ் என்னை எழுப்பி ஒரு பந்தி வாசிக்கச் சொன்னா. நான் எழும்பி நின்றேன். மணி அடிக்கும் வரைக்கும் நின்றேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

ஆகவே மாமாவுக்கு நான்கு விரலைக் காட்டினேன்.

“பிழை,” என்றார். “இவவுக்கு ஒரு கால்தான். முன் இடது. மற்ற மூண்டும் தன்பாட்டில ஓடும்.”

மாமா முப்பது வருஷம் லொறி ஓட்டியவர். லொறியை விற்றுவிட்டு, நுவரெலியாவில் ரேஸ் ஓடிக் களைத்த ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து, ஓர்ஸ் ஹில் குன்றின் அடியில் லொறி நின்ற அதே கொட்டிலில் கட்டியிருந்தார். சனி ஞாயிறில் கடற்கரையில் சுற்றுலாக்காரரை ஏற்றுவார். கலியாணம் வந்தால் மாப்பிள்ளையை ஏற்றுவார். குதிரையின் ரேஸ் பெயர் மிஸ் ஹக்கல. அது எல்லாருடைய வாயிலும் தேய்ந்து வெறும் ‘மிஸ்’ ஆகிவிட்டது. ஒரு மிஸ்ஸுக்குப் பயந்து ஓடிவந்த நான் இன்னொரு மிஸ்ஸிடம் வந்து சேர்ந்தேன். இந்த மிஸ் எழும்பி வாசி என்று சொல்ல மாட்டா. அவ்வளவும் போதும்.

அவவின் முன் இடது காலின் பின்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, விரல் தடிப்பில் ஒரு நரம்பு ஓடுகிறது. ரேஸில் அது ஒருமுறை பழுதாகி ஆறியிருந்தது. மிருக வைத்தியர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, “இது இன்னொரு தரம் வீங்கினா இவ உங்களுக்கு உதவ மாட்டா,” என்றார். அவர் போன பிறகு மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“வீங்கினா ஏத்தி அனுப்பத்தான் வேணும், லக்சனா. ஓடாத வாகனத்தை வச்சு நான் என்ன செய்யிறது?”

எங்கே ஏற்றி அனுப்புவார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதும் எனக்கு வராது.

மிஸ் வெளியே போகும்போது நாலு காலுக்கும் துணிக்கட்டுப் போடவேண்டும். மாமா அதை லொறியில் சீமெந்துப் பைக்குக் கயிறு போடுகிற மாதிரி, தன் காலை எதிரே ஊன்றி இழுத்துக் கட்டுவார். மிஸ் கண்ணை மூடிக்கொள்ளுவா. இரண்டாம் கிழமையே நான் அவரிடமிருந்து துணியைப் பறித்துவிட்டேன். வாய் திறக்காதவள் பறித்ததால் அவரும் பேசாமல் விட்டுவிட்டார்.

போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டுப்போடும் காணொளி இருந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு அறுபது எழுபது தரம் பார்த்தேன். வீட்டில் கதிரைக் கால்களில் பழகினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு கௌசிகா அக்கா சீனி கேட்டு வந்தவ, நாலு காலிலும் கட்டோடு நின்ற கதிரையைப் பார்த்து, “என்ன, கதிரைக்கு வாதமோ?” என்றா. இருக்கச் சொல்லி நான் கைகாட்டினதற்கு, “வேண்டாம், பாவம்,” என்று நின்றுகொண்டே சீனி வாங்கிப் போனா.

கட்டுவதைவிடச் சுருட்டுவதில்தான் பிழை விடுவது சுலபம். துணியின் ஒரு நுனியில் வெல்குரோ இருக்கும். அந்த நுனியிலிருந்து, வெல்குரோவை உள்ளே மடித்து வைத்துச் சுருட்ட வேண்டும். மாறிச் சுருட்டினால், கால் முழுதும் அழகாகச் சுற்றி வந்து கடைசியில் ஒட்டுகிற பக்கம் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த வேளையில் குதிரை உங்களைத் திரும்பிப் பார்க்கும் பார்வை நல்லாயிராது.

பிறகு, அடியில் பஞ்சுத் தடுக்கு வைக்க வேண்டும். ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். ஒரே இழுவையில் வரவேண்டும். முடித்தபின் உள்ளே ஒரு விரல் போக வேண்டும். ஒட்டுவது காலின் வெளிப்பக்கத்தில்; முன் எலும்பிலும் இல்லை, பின் நரம்பிலும் இல்லை. முழந்தாளிடாமல் குந்தியிருக்க வேண்டும், துள்ளி எழும்ப வசதி. சுற்றுவது எப்போதும் முன்னிருந்து வெளிப்பக்கமாகப் பின்னுக்கு. அப்படிச் சுற்றினால் வலது கால் வலமாகச் சுற்றும். இடது கால் இடமாகச் சுற்றும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் கனகசிங்கம் ஐயா வந்தார்.

ஓர்ஸ் ஹில்லில் நிருபன் என்பவரின் கலியாணம். மாப்பிள்ளை குதிரையில் ஏற்றம் இறங்கிக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. கனகசிங்கம் ஐயா மாப்பிள்ளையின் தாய்மாமன். அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர். முதல்நாளே வந்து குதிரையைப் பரிசோதித்தார்.

“இதென்ன வெள்ளைத் துணி? கால் முறிஞ்ச குதிரையிலயோ என்ர மருமகன் போறது?”

அன்று பின்னேரம் நாலு துணியையும் மஞ்சளில் தோய்த்துக் காயப்போட்டேன்.

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளகாரர் நின்றார்கள். கட்டியிருந்த மாவிலையை ஒரு மான் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அழைப்பில்லாமல் கலியாண வீட்டுக்கு வருவது றோட்டில் திரிகிற மான்கள்தான். நான் பின்கால் இரண்டையும் வலது முன்காலையும் முடித்து, இடது முன்காலில் மூன்றாவது சுற்றில் இருந்தேன்.

“நிப்பாட்டு!” என்றார் ஐயா. “இடமாச் சுத்துறாய்!”

நிறுத்தினேன்.

“நல்ல காரியத்தில இடமாச் சுத்துறதே? அது செத்த வீட்டுச் சுத்து. கோயிலை ஆரும் இடமாச் சுத்துவினமே? அவிழ், பிள்ளை.”

“ஐயா, அது இடப்பக்கத்துக் கால்…” என்றார் மாமா.

“கால் எந்தப் பக்கமெண்டாலும் சுத்து வலப்பக்கம்தான். தாலிகட்டப் போற பொடியனை அபசகுனத்தில ஏத்தப் போறீரோ?”

கலியாண வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதுவும் பேச ஏலாது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணால், விடு பிள்ளை, என்றார். பின்கால் இடதையும் நான் அப்படித்தான் சுற்றியிருந்தேன் என்பது ஐயாவுக்குத் தெரியாது. அதுவரை நல்லகாலம்.

ஐயா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். துணியை அவிழ்த்தார். “இதென்ன மெத்தை?” என்று பஞ்சுத் தடுக்கை எடுத்து என் கையில் தந்தார். துணியைத் தொடையில் வைத்து மாறிச் சுருட்டினார். முழந்தாளிட்டு, மந்திரம் முணுமுணுத்தபடி, வலமாகச் சுற்றினார். கடைசியில் ஒட்டுகிற பக்கம் உள்ளே நின்றது. இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை.

“சாமான் சரியில்லை,” என்று சொல்லி, நுனியை இரண்டாகக் கிழித்து, காலுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக அந்த நரம்பின்மேல் இருந்தது.

மிஸ் இடது காலைத் தூக்கினா. கீழே வைக்கவில்லை.

“பாத்தீரோ, சலூட் அடிக்குது,” என்றார் ஐயா.

சனம் சிரித்தது. நாதஸ்வரம் தொடங்கியது. நிருபன் சேணத்தில் தொங்கிய வளையத்தில் ஒரு காலை வைத்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாப்பிள்ளையின் பாரம், இறக்கமான றோட்டு, நரம்பின்மேல் ஒரு முடிச்சு. அடியில் போய்ச் சேரும்போது கால் வீங்கியிருக்கும். பிறகு மாமா லொறி பிடிப்பார்.

“இறங்குங்கோ,” என்றேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்து, இருந்த சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு தரம் சொன்னேன். அந்த நிமிஷம் பார்த்து மேளம் நின்றது.

“இறங்குங்கோ!”

தெரு முழுக்கத் திரும்பியது. மான்கூட மாவிலையை விட்டுத் திரும்பியது. நிருபன் ஒரு கால் வளையத்தில் இருக்க, மற்றக் காலில் தத்தி இறங்கிவிட்டார். மாமாவின் வாய் திறந்திருந்தது. ஆறு மாதத்தில் என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தரம்.

“ஆர் இந்தப் பிள்ளை?” என்றார் ஐயா.

இனி நின்றுகொண்டிருக்க ஏலாது. மணி அடிக்க இங்கே பள்ளிக்கூடம் இல்லை.

“ஐயா,” என்றேன். “மேலயிருந்து பாத்தாத்தான் அது இடம். கீழயிருந்து பாத்தா வலம்.”

“என்ன கதை இது? கீழயிருந்து ஆர் பாக்கிறது?”

“பூமாதேவி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மேளகாரர் தலையாட்டினார்கள். ஐயர் என்று நினைக்கத்தக்க ஒருவர், “அதுவும் சரிதான்,” என்றார். அவர் பந்தல்காரர் என்று பிறகு தெரிந்தது.

கனகசிங்கம் ஐயா எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. றோட்டில் பட்டு வேட்டியோடு மல்லாந்து படுத்தார்.

“சுத்து, பாப்பம்.”

“கிட்ட வராதேங்கோ ஐயா. மிஸ் மிதிச்சுப்போடுவா.”

அவர் அரையடி தள்ளிப் படுத்தார். மாமா கடிவாளத்தைப் பிடித்தார். நான் குந்தி முடிச்சை அவிழ்த்து, பஞ்சை வைத்து, கிழிந்த நுனியை உள்ளே மடித்துத் திரும்பச் சுருட்டி, முன்னிருந்து வெளிப்பக்கமாகப் பின்னுக்குச் சுற்றினேன். கீழே ஐயா ஒரு விரலை வானத்தைப் பார்த்து நீட்டி என் கையோடு சேர்த்துச் சுழற்றினார். முதல் சுற்றில் முகம் சுளித்திருந்தது. மூன்றாவதில் விரல் மெதுவானது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. வெளிப்பக்கத்தில் வெல்குரோவை ஒட்டினேன். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். போனது.

மிஸ் காலைக் கீழே வைத்தா.

“அண்ணை, இப்ப வலமோ இடமோ?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

ஐயா எழும்பினார். என்னைப் பார்த்தார். மிஸ்ஸைப் பார்த்தார். தான் படுத்திருந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். அங்கே இருந்த மிஸ்ஸின் லத்தியில் பாதி இப்போது இல்லை, அது அவருடைய பட்டு வேட்டியின் பின்பக்கத்தில் இருந்தது. மேளம் திரும்பவும் தொடங்கியது. நிருபன் ஏறினார். ஐயா சால்வையைப் பின்பக்கமாக இழுத்து இடுப்பில் சுற்றி, வேட்டி மாற்ற வீட்டுக்குள் போனார்.