ஹாலந்துக் கொடி போட்ட லாரிகள்

திம்மராயனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஓசூரில் எட்டு லாரி வைத்திருந்த ஆள். நெற்றியில் பளிச்சென்று நாமம், வாயைத் திறந்தால் அண்ணன் தம்பிப் பேச்சு. நானும் அதை நம்பி அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருந்தது ஒரே லாரி. என் அண்ணன் முனீர் அகமது சவூதியில், தமாமில் வெயிலில் வெல்டிங் அடித்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. நானே ஓட்டினேன். ராணுவ வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் லோடு எடுத்தேன். திம்மராயனின் லாரிகளும் அதே கேட்டில்தான் நிற்கும். என் வண்டி புதுசு, வழியில் படுக்காது. அதனால் ஃபேக்டரிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு லோடு கொடுத்தார்கள். அது அவன் கண்ணை உறுத்தியது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். எங்கே போனாலும் வெடிகுண்டுப் பேச்சு. அந்த நேரம் பார்த்துப் பற்ற வைத்தான். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் செக்யூரிட்டி ஆபீசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அவரிடம் என்னைக் காட்டித் திம்மராயன் சொன்னான்.

"சார், ஜமீரு வண்டி அரபு நாட்டுக் காசுல வந்ததுங்க. உள்ள போயி என்னத்தப் பாக்கறான், யார்கிட்ட சொல்றான்னு நமக்கென்ன தெரியும்? நாட்டுப் பாதுகாப்பு பாருங்க, மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

அத்தனை டிரைவர்களும் கேட்டார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அன்றிலிருந்து வெளிநாட்டுத் தொடர்புள்ள எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது என்று ஆபீசர் ரூல் போட்டுவிட்டார். அந்தப் பேச்சு பரவி, மற்ற இடங்களிலும் எனக்கு லோடு கொடுக்கத் தயங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகள் ஜெய்னப்பை "அரபுக்காரன் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். பாட்டன் பூட்டன் எல்லாம் சூளகிரி மண்ணில் புதைந்த குடும்பம் எங்களுடையது. அவள் அழுதுகொண்டு வந்த அன்றைக்கு அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

கடைசியில் லாரியை வந்த விலைக்கு விற்றேன். ஆள் வைத்து வாங்கியது யார் என்று பிறகுதான் தெரிந்தது. திம்மராயனேதான். என் மாமா மெஹபூப் பாஷாவுக்கு லாரிகளுக்கு எழுத்து எழுதும் பெயின்ட் ஷெட் இருந்தது. சின்ன வயதில் அங்கே கற்ற வேலை. பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.

இரண்டு வருஷம் போனது. கன்டெய்னர்களை மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக ஹாலந்துக் கம்பெனி ஒன்று உள்ளூரில் லாரி தேடியது. திம்மராயன் முந்திக்கொண்டான். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா ஷெட்டிலும் வேலை நிரம்பிக் கிடந்ததால் என்னைத் தேடி வந்தான்.

"ஜமீரு, பழச மனசுல வெச்சுக்காதப்பா. தொழில்னா முன்ன பின்ன இருக்கும். ஒம்போது வண்டிக்கும் ஹாலந்துக் கம்பெனி பேரு எழுதணும். பூஜைக்கு ரெடியாவணும்."

"எழுதிடலாங்ண்ணா. கதவுல அந்த நாட்டுக் கொடியும் போட்டுடட்டுங்களா? பாக்கறவன் அசந்து போவான்."

"போடு, போடு. பெருசாவே போடு."

ஃபேக்டரி கேட்டில் அவனே போட வைத்த ரூல் அவனுக்கு ஞாபகமே இல்லை. தன் வாயால் வந்தது எல்லாம் அடுத்தவனுக்குத்தான் என்று நினைக்கிற ஜாதி அது.

என் மனைவி ஃபகருன்னிசா சாப்பாடு கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தாளு வண்டிக்கு இவ்ளோ ஆசையா எழுதறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

"கொஞ்சம் பொறு" என்றேன்.

அவ்வளவு சுத்தமாக நான் எழுதியதே இல்லை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கதவு நிறையக் கொடி. யாரும் படிக்காமல் போய்விடக் கூடாது என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பெயர். பூஜையன்று அந்த எழுத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தான். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பூஜை போட்ட எழுத்தை அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் சுரண்ட விடமாட்டார்கள். சுரண்டினால் வண்டி கவிழும் என்று பயம்.

மறுநாள் பூமாலையும் வாழைக்கன்றுமாக ஒன்பது லாரியும் ஃபேக்டரி கேட்டில் வரிசையாக வந்து நின்றன. நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் லாரியில் இருந்து திம்மராயன் இறங்கினான். ஆபீசர் அந்த லாரியைச் சுற்றி வந்தார்.

"எந்த நாட்டுக் கொடிய்யா இது?"

"நம்ம வண்டிதாங்க சார்."

"கொடி நம்மளது இல்லையே. வெளிநாட்டுக் கம்பெனி வண்டி உள்ள வராது. நீ சொல்லித்தான இந்த ரூலப் போட்டேன்?"

டீக்கடையே சிரித்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

சாயங்காலம் திம்மராயன் ஷெட்டுக்கு ஓடி வந்தான். "எல்லாத்தையும் அழிச்சுடு ஜமீரு."

"மொதல்ல அந்த டீக்கடைல நின்னு, என்னையப் பத்திச் சொன்னது பொய்னு சொல்லுங்க. அப்பறம் பேசலாங்ண்ணா."

மறுநாள் காலையில் டீக்கடையில் வந்து நின்றான். ஆபீசர் இருந்தார், டிரைவர்கள் இருந்தார்கள். முந்தின நாள் வந்த ஒன்பது லாரியும் கேட்டிலேயே நின்றன. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜமீரு மேல ஒரு தப்பும் இல்லீங்க சார். லோடுக்கு ஆசப்பட்டு நாந்தான் பொய் சொன்னேன்."

ஆபீசரின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "உன் வண்டியக் கொண்டாப்பா. நான் உள்ள விடறேன்."

"அதா, கடேசியா ஹாலந்துக் கொடியோட நிக்குதே, அதாங்க சார் என் வண்டி."

அவர் அந்த லாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு கேட்டுக்குள் போய்விட்டார். திம்மராயன் என் கையைப் பிடித்தான். "சொல்லிட்டேன்ல. வா, வந்து அழி."

"பூஜை போட்ட எழுத்துங்க அது. நான் சொரண்டி, நாளைக்கு ஒரு வண்டி கவுந்துச்சுன்னா, அரபுக்காரன் கை வெச்சதாலதான்னு இதே கடைல நின்னு சொல்லுவீங்க. என்னால ஆவாதுங்ண்ணா."

அவனிடம் பல வருஷமாக வண்டி ஓட்டும் சென்றாயன் பெஞ்சில் இருந்து எழுந்தான். "யாரு சொரண்டினாலும் நாங்க வண்டி எடுக்க மாட்டோம் மொதலாளி." மற்ற டிரைவர்களும் தலையாட்டினார்கள்.

கையை உதறிவிட்டு சைக்கிளை எடுத்தேன். நேராக வீட்டுக்குப் போய் ஜெய்னப்பைப் பக்கத்தில் உட்கார வைத்து, டீக்கடையில் திம்மராயன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.