பொய்ப் பல்வரிசை

அந்தச் சுவர் என்னுடையது. கிளிஞ்சல்மேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த வீடு, லோகாம்பாள் என்று என் பெயரில்தான் பட்டா. படம் வரைந்த வெளியூர்த் தம்பியும் “இது உங்களுக்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் என் இஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

படத்தில் இரண்டு பேர். என் மகன் கவியரசன், பக்கத்து வீட்டுச் செல்லத்தின் மகள் வினோதினி. ஒரே வகுப்பு. இருவரையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. ஒரு போட்டோவைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நாங்கள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு அந்தத் தம்பி வரைந்தான். அழகாகத்தான் வரைந்தான். அதுதான் வினை.

என் பிள்ளைக்கு முன்பல் விழுந்திருந்தது. சுவரில் நிற்பவனுக்கு வரிசையாகப் பல். இருபது வருஷமாக வாசலுக்கு வரும்போதெல்லாம் இவன் முகத்தில் விழித்து விழித்து, இப்போது கண்ணை மூடினால் இவன்தான் வருகிறான். பல் விழுந்தது ஞாபகம் இருக்கிறது, அந்தச் சிரிப்பு ஞாபகம் இல்லை. பெற்றவளுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

வெள்ளை அடித்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் தர்மலிங்கம் மறுபேச்சுப் பேசவில்லை. சுண்ணாம்பும் அடிக்கிற மட்டையும் வாங்கி வைத்துவிட்டு, வலை பார்க்கப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

மீன்கூடையோடு வந்த செல்லம் சுண்ணாம்பு வாளியைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

“என்னக்கா பண்ணப் போற?”

“என் சுவரு, அடிக்கப் போறேன். இவன் இங்க நிக்கிற வரைக்கும் என் புள்ள மூஞ்சி எனக்கு வராது. நீ போன்ல எடுத்து வச்சுக்க.”

“எடுத்துதான் வச்சிருக்கேன். அதுல இத்துனூண்டு இருக்கா. இங்கதானக்கா என் இடுப்பு ஒசரத்துக்கு நிக்கிறா.”

என் நாக்கில் சனி. “அது உன் மவளே இல்லடி. வினோதினி மூக்கு அப்படியா இருந்துச்சு? நான் தூக்கி வளத்த புள்ள, எனக்குத் தெரியாதா?”

செல்லம் அழவில்லை.

“வரைஞ்ச அன்னிக்கே தெரியும்க்கா. இப்ப எனக்கு வேற மூஞ்சி இல்ல. இதுவும் போயிட்டா யார நெனச்சு அழுவேன்?”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக முழுச் சுவரையும் அடித்திருப்பேன், பாவி.

என் பிள்ளை நிற்கிற பக்கத்தை மட்டும் அடித்தேன். தலைமுடி, நெற்றி, அந்தப் பல்வரிசை, சட்டை எல்லாம் போயின. தோளிலிருந்து கை வழியாக இறங்கி வந்தவள் மணிக்கட்டில் நின்றுவிட்டேன். அவன் விரல்களை வினோதினி இறுகப் பிடித்திருந்தாள். எது அவன் விரல், எது அவள் விரல் என்று பிரிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.

சாயங்காலம் செல்லம் வந்தாள். வெறும் வெள்ளைக்கு நடுவே ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இப்ப உன் புள்ள வர்றானாக்கா?” என்றாள்.

கண்ணை மூடிப் பார்த்தேன். சுவரில் இருந்தவன் வரவில்லை.

“இவனும் போயிட்டான்டி,” என்றேன். “அவன் இன்னும் வரல.”